ராஜாராம் கதவைச் சாத்திய பதினொரு நிமிடங்கள்

1993ஆம் ஆண்டின் சித்திரை வெயிலில், சிங்கப்பெருமாள் கோயிலுக்குத் தெற்கே இருந்த ஒரு லெவல் கிராசிங்கில், பிரபாவதி கேட்மேன் ராஜாராமை முதன்முதலாகப் பார்த்தாள். பார்த்த கையோடு சண்டைக்கும் போனாள்.

அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் மெய்யியல் கற்பித்துவந்தாள். கணவர் பாலசுப்ரமணியனுக்குக் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சிப் பணி. மனை மலிவாகக் கிடைத்தது என்று தண்டவாளத்துக்கு அப்பால் வீடு கட்டிக் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்று காலை அவளுக்குத் தேர்வு மேற்பார்வை. மொபெட்டில் வந்தவளைத் தாழ்ந்திருந்த தடுப்பு நிறுத்தியது. இரு பக்கமும் எட்டிப் பார்த்தாள். ரயில் வரும் அறிகுறியே தெரியவில்லை.

"ரயிலையே காணோமே! ஒரு நிமிஷம் தூக்கிவிடக் கூடாதா?"

"தூக்கலாம் தாயி. அப்பால ரயிலு வந்து உன்ன தூக்கிகினு பூடும்."

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"வந்தா தெரியும். வெயில்ல நிக்காத, மரத்தாண்ட வா. பானையில தண்ணி கீது, குடி."

அவள் தண்ணீர் குடிக்கவில்லை. ஏழு நிமிடம் கழித்து விரைவு வண்டி ஒன்று காதைப் பிளந்துகொண்டு போயிற்று. அதன் பிறகே அவளுக்குச் சற்று வெட்கமாக இருந்தது.

ராஜாராம் அந்தக் கேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த கிராமத்தில் 1944ஆம் ஆண்டு பிறந்தவர். இரண்டு ஏக்கர் நிலத்தை அண்ணன் உலகநாதன் உழுதார். தம்பி இருபது வயதில் ரயில்வேயில் சேர்ந்து, பல ஆண்டுகள் தண்டவாளத்தில் சம்மட்டி பிடித்து, பின்னர் கேட்டுக்கு வந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டிலேயே வாழ்ந்தார். அண்ணி சின்னப்பொண்ணு அந்த வீட்டில் கால் வைத்த 1963ஆம் ஆண்டு முதல் அவர் உண்டதெல்லாம் அவள் கைச்சோறுதான். பகல் பணியானால், ஒரு தூக்கில் சோறும் ஒரு கிண்ணத்தில் குழம்பும் கேட்டுக்கு வந்துவிடும்.

அவருடைய வேலையின் நுணுக்கத்தைப் பிரபாவதி நின்று நின்றே கற்றுக்கொண்டாள். ரயில் புறப்படும் முன் நிலைய அதிகாரி தொலைபேசியில் கூப்பிடுவார். ராஜாராம் இரும்புச் சக்கரத்தைச் சுற்றித் தடுப்பை இறக்கிப் பூட்டுவார். பூட்டிவிட்டதற்கு அடையாளமாகத் தம் குறிப்பேட்டிலிருந்து ஓர் எண்ணைச் சொல்வார். அதற்குப் பிரைவேட் நம்பர் என்று பெயர். அந்த எண்ணை நம்பித்தான் அங்கே ரயிலை அனுப்புவார்கள். சாவி என்னவோ ராஜாராமின் சட்டைப்பையிலேயே இருக்கும், நினைத்தால் திறந்துவிடலாம்.

"நெனைக்கக் கூடாது, அவ்ளோதான்," என்பார்.

ஒருமுறை திருமண வேன் ஒன்று மாட்டிக்கொண்டது. மாப்பிள்ளையின் மாமா இறங்கி வந்து கத்தினார்: "முகூர்த்தம் போவுது, தெரியுதா? உன் அப்பன் வூட்டு ரோடாய்யா இது?"

"முகூர்த்தம் போனா அய்யரு வேற நேரம் குறிப்பாரு. மாப்ள போனா இன்னா குறிப்பாரு?"

வேனுக்குள் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

பிரபாவதி அந்த ஆண்டுகளில் ஓர் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தாள். சீனத்துக் கன்பூசிய அறநெறியிலும் மேலை ஒழுக்க மெய்யியலிலும் உணர்ச்சிக்கு என்ன இடம் என்பது பொருள். கேட்டில் காத்திருக்கும் நேரத்தில் புங்க மரத்தடியில் நின்று படிப்பாள். என்ன படிக்கிறாய் என்று ராஜாராம் கேட்டார், சொன்னாள். அது முதல் அவளைக் கண்டால் போதும், பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்பார்:

"இன்னா டீச்சரம்மா, சீனாக்காரன் இன்னிக்கி இன்னா சொல்றான்?"

"ஒருத்தர் துன்பப்படறதைப் பார்த்தா நமக்குத் துணுக்குன்னு ஆகுதே, அதுதான் அறத்துக்கு விதைன்னு அவங்க மரபு. ஆனா விதையை அப்படியே விட்டா வீணாப் போயிடுமாம். முறை, மரியாதை, சடங்குன்னு பாத்தி கட்டி வளர்க்கணும்."

"செரிதான். வெள்ளக்காரன்?"

"அவங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. இரக்கம் இல்லாம அறமே இல்லைன்னு ஒரு கட்சி. மனசு இன்னைக்கு இளகும், நாளைக்கு இறுகும், அதை நம்பக் கூடாது. பிடிச்சாலும் பிடிக்காட்டியும் கடமைன்னு செய்யறதுக்குத்தான் மதிப்புன்னு இன்னொரு கட்சி."

ராஜாராம் சற்று யோசித்தார். "அந்த ரெண்டாவது கட்சிக்காரன் ரயில்வேல வேல பாத்துகினு இருந்தானா?"

அவள் சிரித்தாள். ஆனால் அன்று மாலையே அவரைத் தன் நான்காம் இயலில் எடுத்துக்காட்டாகச் சேர்த்துக்கொண்டாள். உணர்ச்சியின் தலையீடு சிறிதுமின்றிக் கடமையாற்றும் மனிதர் என்று நான்கு பக்கங்கள் எழுதினாள். வகுப்பிலும் அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.

1997ஆம் ஆண்டு மார்கழியில் அது நடந்தது. அப்போது பிரபாவதி அங்கே இல்லை. ஆட்டோ ஓட்டிய ரவிச்சந்திரன் பிற்பாடு சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

விடியற்காலை ஐந்தரை மணி. எதிரே நிற்பவர் முகம் தெரியாத பனி. உலகநாதனுக்கு நெஞ்சுவலி கண்டு, சின்னப்பொண்ணு அவரை ஆட்டோவில் ஏற்றிச் செங்கல்பட்டு மருத்துவமனைக்குப் புறப்பட்டாள். கேட்டுக்கு வந்தபோது தடுப்பு இறங்கி ஒரு நிமிடம்தான் ஆகியிருந்தது. ராஜாராம் எண் கொடுத்துவிட்டிருந்தார்.

"தொறடா ராஜாராமு! உங்க அண்ணன்டா!"

அவர் தடுப்புவரை வந்தார். ஆட்டோவுக்குள் ஒருமுறை பார்த்தார். ஓடிப்போய் நிலையத்துக்குத் தொலைபேசினார். வண்டி அங்கிருந்து போய்விட்டது, இனி நிறுத்த இயலாது, பனியால் மெதுவாகத்தான் வரும் என்றார்கள். மறுபக்கத்தில் வேறு வண்டி எதுவும் நிற்கவில்லை. உலகநாதனோ கனத்த உடம்புக்காரர். அந்தப் பனியில் ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைக் கடக்க ரவிச்சந்திரனால் ஆகவில்லை.

"நம்பர் குடுத்துட்டேன் அண்ணி," என்றார் ராஜாராம். பிறகு கேட் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பதினொரு நிமிடங்கள் கழித்து ரயிலின் ஓசை கேட்டதும் வெளியே வந்து, விளக்கைக் காட்டி, வண்டி கடந்ததும் தடுப்பை உயர்த்தினார். உலகநாதன் மருத்துவமனை வாசலில் இறந்தார். பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

பணி முடித்து வந்த ராஜாராமைச் சின்னப்பொண்ணு வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "உள்ள கால வெக்காத." மகன் இல்லாத அண்ணனுக்குத் தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும்; அவளோ தன் அண்ணன் மகனை வைக்கச் சொன்னாள். ராஜாராம் சுடுகாட்டு வேலியோரம் நின்றார். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை என்று ஊரே பார்த்தது, ஊரே பேசியது. கருமாதி முடிந்ததும் சின்னப்பொண்ணு வீட்டுச் சாவியை அவருக்கு ஆள் மூலம் அனுப்பிவிட்டுத் தன் பிறந்த ஊரான திருவிடந்தைக்குப் போய்விட்டாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஒரு நாஸ்தா கடை போட்டாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பகை கொண்டவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்க மாட்டார்கள். என்றைக்கு ஒருவர் பரிமாறி மற்றவர் கை நனைத்துவிடுகிறாரோ, அன்றோடு பகை தீர்ந்தது. அதற்கு மேல் பஞ்சாயத்து வேண்டியதில்லை. ராஜாராமுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வேளைச் சோறுதான். இழவு வீட்டில் உட்காரக்கூட விடப்படாதவர், அண்ணனுக்காகத் துக்கப்படும் உரிமையையும் அந்தச் சோற்றோடுதான் திரும்பப் பெற முடியும்.

பிரபாவதி இதைக் கேள்விப்பட்டதும் ஒரு தவறு செய்தாள். விளக்கிச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று நம்பினாள். அடுத்த தை மாதம் திருவிடந்தைக்குப் பேருந்து ஏறிப்போய், சின்னப்பொண்ணின் கடையில் அமர்ந்து, எண்ணூறு பயணிகள், விதி, கடமை என்று கால் மணி நேரம் பேசினாள். சின்னப்பொண்ணு தோசையைத் திருப்பிப் போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சிதாம்மா?" என்றாள். "தொறக்கலன்னு நான் எப்ப கொற சொன்னேன்? ரயிலு வர்றப்ப தொறக்கக் கூடாதுன்னு எனுக்குத் தெரியாதா? அந்தக் கேட்டுக்குத் தூக்குல சோறு அனுப்சவ நானு."

"அப்புறம் என்னம்மா கோபம்?"

"அவரு கண்ண தொறந்து 'ராஜாராமு'ன்னு கூப்ட்டாரும்மா. இவன் உள்ள போயி கதவ சாத்திக்கினான். பதினோரு நிமிசம். வெளிய நின்னிருந்தா இன்னா? கிட்ட வந்து கைய புட்ச்சிகினு இருந்தா எந்த ரயிலு கவுந்துடும்? நாயி அடிபட்டாக்கூட மனுசன் நின்னு பாப்பான்."

பிரபாவதி எழுந்து பேருந்து ஏறினாள். வீட்டுக்குத் திரும்பித் தன் குறிப்பேட்டில், அண்ணி சீன மரபின் பக்கம், கொழுந்தன் கடமைக் கட்சியின் பக்கம் என்று எழுதிவைத்தாள். அப்படி எழுதியதில் அவளுக்குக் கொஞ்சம் நிறைவாகவும் இருந்தது.

மறு ஆண்டு ரவிச்சந்திரன் பேச்சோடு பேச்சாக ஒரு செய்தி சொன்னான். ஒவ்வோர் அமாவாசைக்கும் ராஜாராம் விடுப்பு எடுத்துக்கொண்டு திருவிடந்தைக்குப் போகிறார். கடலில் முழுகி அண்ணனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, நேரே அண்ணியின் கடைக்கு வந்து பெஞ்சின் கோடியில் உட்காருகிறார். வருகிறவர்களுக்கெல்லாம் இலை போடும் சின்னப்பொண்ணு அவர் பக்கம் திரும்புவதே இல்லை. என்ன வேண்டும் என்று கேட்பதும் இல்லை. எழுந்து போ என்பதும் இல்லை. கடை ஓய்ந்ததும் அவர் எழுந்து பேருந்து ஏறிவிடுகிறார்.

அன்று மாலை தடுப்பு இறங்கியிருந்தபோது பிரபாவதி அவரை நேராகவே கேட்டாள்.

"ஏன் கதவைச் சாத்தினீங்க?"

ராஜாராம் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றார்.

"அண்ணன் கூப்ட்டது காதுல வுழுந்துச்சி டீச்சரம்மா. கிட்ட போயி அவரு கைய தொட்டிருந்தா தொறந்துட்ருப்பேன். சத்தியமா தொறந்துட்ருப்பேன். சாவி ஜோபிலதான கீது? அதான் உள்ள போயி தாப்பா போட்டுகினேன். அப்பவும் நம்பிக்கை வரல. சாவிய எடுத்து, உள்ள இருந்த தண்ணிப் பானைக்குள்ள போட்டேன். கைய வுட்டுத் தேடி எடுக்கறதுக்குள்ளயாவது புத்தி வந்துடும்னு."

"இதை உங்க அண்ணிகிட்ட சொன்னீங்களா?"

"நானா போயி சொன்னா சாக்கு சொல்றா மாரி ஆயிடும். அவங்க கேக்கட்டும்."

"கேட்கவே இல்லைன்னா?"

"ஒக்காந்துகினு இருக்கறேன். பெஞ்சி இன்னா தேஞ்சா பூடும்? நீயும் போயி ஒளறிவெக்காத. வாக்கு குடு."

கொடுத்தாள். வீட்டுக்குப் போய் நான்காம் இயலின் அந்த நான்கு பக்கங்களையும் அடித்துவிட்டாள். உணர்ச்சியின் தலையீடின்றி என்று எழுதியிருந்த வரியைப் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அன்று காலை அந்த அறைக்குள் உணர்ச்சியைத் தவிர வேறு எதுவுமே இருக்கவில்லை. தன் பாசத்தின் எடை தெரிந்ததால்தான் அவர் அதற்குக் கதவும் தாழ்ப்பாளும் போட்டிருக்கிறார். அதே பாசத்துக்கு அமாவாசைதோறும் கடலும் பெஞ்சும் என்று ஒரு முறையையும் வகுத்துக்கொண்டிருக்கிறார். அவரை எந்தக் கட்சியில் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. குறிப்பேட்டில் அண்ணியைப் பற்றி எழுதியதையும் சேர்த்தே அடித்தாள்.

ஆய்வேடு இரண்டாண்டு தாமதமாயிற்று, நெறியாளர் கடிந்துகொண்டார். 2001ஆம் ஆண்டு வாய்மொழித் தேர்வில், ஆய்வுச் சுருக்கத்தில் குறிப்பிட்டிருந்த ரயில்வே எடுத்துக்காட்டு எங்கே போயிற்று என்று தேர்வாளர் ஒருவர் கேட்டார். அது வேறொருவர் கேட்க வேண்டிய கேள்விக்கான விடை, அவர் கேட்கும்வரை எடுத்தாள எனக்கு உரிமை இல்லை என்றாள். தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். பட்டத்தை மறுக்கவில்லை.

2004ஆம் ஆண்டு தை மாதம், மாமல்லபுரத்தில் ஒரு கருத்தரங்குக்குப் போகும் வழியில் பிரபாவதி மீண்டும் அந்தக் கடையில் இறங்கினாள். இந்த முறை எதையும் விளக்கவில்லை. இட்லி தின்று கை கழுவிவிட்டு, "கதவை ஏன் சாத்தினார்னு நீங்க அவரைக் கேட்டதுண்டா?" என்றாள்.

"கேக்கறதுக்கு இன்னா கீது அதுல?"

பிரபாவதி பேசாமல் நின்றாள். சின்னப்பொண்ணு அடுப்பைத் தணித்துவிட்டு அவளைக் கூர்ந்து பார்த்தாள்.

"நீ கேட்டியா?"

"கேட்டேன். சொல்ல மாட்டேன்னு வாக்கு கொடுத்திருக்கேன்."

"அப்போ பதிலு ஒண்ணு கீதுன்ற."

பிரபாவதி இட்லிக்குக் காசு வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

மாசி அமாவாசைக்கு ராஜாராம் வரவில்லை, பங்குனிக்கும் வரவில்லை. இதயம் வீங்கிவிட்டது என்று மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். பெஞ்சின் கோடி காலியாகவே கிடந்தது. அந்த வழியாகச் சவாரி போன ரவிச்சந்திரனைச் சின்னப்பொண்ணு கைதட்டிக் கூப்பிட்டு, "அவன் எங்க காணோம்?" என்று கேட்டாளாம். ஆறாண்டுகளில் அவள் அவரைப் பற்றிக் கேட்டது அதுவே முதல்முறை.

மே மாத இறுதியில் ராஜாராம் ஓய்வு பெற்றார். ஆடி அமாவாசை வந்தது. பேருந்தில் நின்றுகொண்டு போகிற உடம்பு இல்லை என்பதால், பாலசுப்ரமணியனும் பிரபாவதியும் அவரைத் தங்கள் காரில் அழைத்துப் போனார்கள். கடற்கரையில் திருவிழாக் கூட்டம். அவர் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று எள்ளை இறைத்துவிட்டு, ஈர வேட்டியோடு கடைக்கு வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். கடையில் நிற்க இடமில்லை. சின்னப்பொண்ணு எல்லாருக்கும் பரிமாறினாள். பிறகு கரண்டியும் கையுமாக அவர் எதிரில் வந்து நின்றாள்.

"ஏன்டா கதவ சாத்திக்கினே?"

ராஜாராம் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"கிட்ட வந்திருந்தா தொறந்துட்ருப்பேன் அண்ணி. அண்ணன் கூப்ட்டதும் கை சாவிக்குப் போச்சி. பானைக்குள்ள போட்டுட்டு, கதவுல சாஞ்சிகினு நின்னேன்."

"அம்மா, சட்னி!" என்று ஒருவர் குரல் கொடுத்தார்.

"இருய்யா, சட்னி இல்லன்னா உசுரா பூடும்?" என்றவள் ராஜாராமின் பக்கம் திரும்பினாள். "இத சொல்றதுக்கு ஆறு வருசமாடா?"

"நீ கேக்கல."

"கேக்கலன்னா? வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

அவள் அடுப்புப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சட்னி கேட்டவர் மறுபடியும் கேட்கவில்லை. பிறகு அவள் கடையின் தட்டி மறைப்புக்குப் பின்னால் சென்று, உலகநாதனுக்குப் படைப்பதற்காக அன்று விரதமிருந்து சமைத்திருந்த சோற்றை எடுத்துவந்தாள். வாழையிலை போட்டு, வாழைக்காய்ப் பொரியலும் பூசணிச் சாம்பாரும் அகத்திக்கீரையும் வைத்தாள். காக்கைக்கு வைத்தது போக அந்தச் சோற்றில் முதல் கை நனைத்தவர் ராஜாராம்.

இரண்டாவது கவளத்தில் அவர் அழத் தொடங்கினார். பெரிய குரலில், தோள் குலுங்க அழுதார். கடையில் இருந்தவர்கள் விவரம் புரியாமல் பார்த்தார்கள். சின்னப்பொண்ணு அவரைத் தேற்றவில்லை. எதிரில் தரையில் உட்கார்ந்து, முந்தானையால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள்.

"சோறு ஆறுது. துன்னுடா," என்றாள்.

அதன் பிறகு ராஜாராம் ஒன்பது நாள் இருந்தார். பத்தாம் நாள் காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். சின்னப்பொண்ணு வந்து, தான் விட்டுப்போன வீட்டை அலம்பி, எல்லாவற்றையும் முறைப்படி முன்னின்று நடத்தினாள். அந்த ஒன்பது நாளில் அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை என்று, அருகிலிருந்து பார்த்துக்கொண்ட ரவிச்சந்திரன் சொன்னான். ஆகவே அவர் கடைசியாகக் கேட்டது அன்று கடையில்தான். இலையில் சோறு தீரும் தறுவாயில், மூக்கை உறிஞ்சிக்கொண்டே நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"இன்னும் கொஞ்சம் மோரு ஊத்து அண்ணி."